மலைத் தோட்ட வண்டிகளுக்குப் பாட்டரியும் கேபிளும் பொருத்தும் விதம்

காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்கிவிட வேண்டும் என்பதைச் சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சாக்கில் இராத்தங்கிய பழம் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். அப்புளிப்பு வாசனை கொட்டையில் ஏறிவிட்டால், பின்னர் எத்தனை சிரத்தையோடு கழுவி உலர்த்தினாலும் நீங்குவதில்லை. பழம் இவ்விதம் தங்கிப்போவதற்கு ஆட்குறை, மழை முதலிய காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று விவசாயப் பத்திரிகைகளில் அதிகம் பேசப்படாதது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் நாகலூர், வெள்ளக்கடை, செம்மடுவு முதலிய இடங்களைச் சுற்றிவரும் டிமான்ஸ்ட்ரேட்டர் அடிக்கடி காண்பது. மூட்டைகளையெல்லாம் ஏற்றி முடித்தபின் வண்டி கிளம்புவதில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சப்தம், அவ்வளவுதான்.

உடனே நாலுபேர் கூடித் தள்ளுகிறார்கள். அல்லது டிரைவர் முன்யோசனையாக வண்டியைச் சரிவில் நிறுத்திவைத்து, உருட்டிக் கியர் போட்டுக் கிளப்புகிறார். மலையில் இஃது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது; வழக்கமானதால் அதன் அபாயம் குறைந்துவிடவில்லை. என்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குத் துணைசெய்யும் வாக்குவம் ஓரிரண்டு மிதிக்கே போதும். அதன்பின் பெடல் கல்லைப்போல் இறுகிவிடும். பவர் ஸ்டீரிங் உள்ள வண்டியாயின் அதைத் திருப்புவதும் பெரும்பாடு. சேலத்திலிருந்து ஏற்காடு வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தோட்டங்களுக்குள் போகும் பாதைகளிலோ பல இடங்களில் ஓரத்தில் தடுப்புச் சுவர்கூடக் கிடையாது. முற்காலத்து லாரிகளில் முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பலாம். இக்காலத்து வண்டிகளில் அந்த வசதி இல்லை. ஆகையால் பாட்டரி ஒன்றையே நம்பியிருக்க வேண்டியதாகிறது.

இந்நிலையில் சொந்தக்காரர் சேலத்துக்குப் போய்ப் புதுப் பாட்டரி வாங்கி வருகிறார். சில வேளை முன்னிருந்ததைவிடப் பெரியதாகவே வாங்குகிறார். இரண்டு மாதம் நன்றாக ஓடியபின் மறுபடியும் அதே ‘டக்’. நான் கண்டவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை பாட்டரியின் குற்றமல்ல. பாட்டரியிலிருந்து செல்ப் மோட்டாருக்கும், என்ஜினிலிருந்து திரும்பப் பாட்டரிக்கும் மின்சாரம் செல்லும் வழியின் குற்றமே. ஆகவே பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுமுன் அந்த வழியைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

மஞ்சக்குட்டைப் பக்கத்தில் காப்பியும் மிளகும் பயிரிட்டுவரும் பெரியவர் ஒருவரிடம் பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. ஓராண்டுக்குள் இரண்டு பாட்டரி மாற்றியும் விடியற்காலையில் அது கிளம்பவில்லை. மூன்றாவது வாங்குவதற்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார். நான் போயிருந்தது அவருடைய மிளகுக் கொடி வாடலைப் பார்ப்பதற்காக. “ஐயா, கொடிக்கு மருந்து சொல்லுகிறீர்கள், இந்த வண்டிக்கும் ஏதாவது சொல்லக்கூடாதா?” என்றார். என் டிப்ளமாப் படிப்பில் ஆயில் என்ஜினும் ஒரு பாடமாயிருந்ததால், பானட்டைத் திறந்துவைத்துச் செல்ப் அடிக்கச் சொன்னேன். கிளட்ச் கேபிளின் மேலுறையிலிருந்து மெல்லிய புகை வந்தது. தொட்டால் சுட்டது.

காரணம் இதுதான். முன்னொரு சமயம் என்ஜினை இறக்கி வேலைசெய்த பட்டறையில், என்ஜினையும் சேஸியையும் இணைக்கும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். என்ஜின் ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பட்டை இல்லாவிட்டால் செல்ப் மோட்டாருக்குச் சென்ற மின்சாரம் பாட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடும். இங்கே அதற்குக் கிடைத்தது கிளட்ச் கேபிள். ஆக்ஸிலரேட்டர் கேபிள் கிடைத்து, அதன் உறை உருகிக் கம்பி உள்ளே ஒட்டியிருக்குமானால், வளைவில் காலை எடுத்த பிறகும் என்ஜின் வேகம் தணியாமற் போயிருக்கும். ஒரு செம்புப் பட்டையும் இரண்டு போல்ட்டும் வாங்கி, அவை உட்காரும் இடத்துப் பெயிண்டைச் சுரண்டி மாட்டினோம். அவர் ‘செத்துப்போயிற்று’ என்று மூலையில் வைத்திருந்த பாட்டரியையே சார்ஜ் ஏற்றிப் போட்டதும் வண்டி உடனே கிளம்பிற்று. மிளகுக் கொடி விஷயத்தில் எனக்கு அவ்வளவு வெற்றி கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும், வாய்க்காலில் அடைப்பு இருந்தால் கடைவயலுக்குப் பாயாது. பாட்டரி விஷயமும் அவ்வாறே. சாதாரண டீசல் பிக்கப்பின் செல்ப் மோட்டார் சுற்றும்போது 200 முதல் 400 ஆம்பியர் வரை இழுக்கும். 300 என்று வைத்துக்கொள்வோம். 35 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நல்ல செம்புக் கேபிள் 2 மீட்டர் நீளமிருந்தால், வழியில் நஷ்டமாவது சுமார் 0.3 வோல்ட். அதே நீளத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் நஷ்டம் சுமார் 0.65 வோல்ட். அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சிட்டு மலிவாக விற்கும் கேபிளானால், அதே அளவுச் செம்பில் ஆவதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேலாகும். அதன் வெட்டுமுனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதை வாங்கலாகாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய திருடன் பூத்துப்போன டெர்மினல். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த ஓர் இணைப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை ஏற்பட்டால் போதும். 300 ஆம்பியர் செல்லவேண்டுமானால் அங்கேயே 3 வோல்ட் தீர்ந்துபோகும். 12 வோல்ட்டில் மூன்று போனால் செல்ப் சுற்றாது. “ஹெட்லைட் நன்றாக எரிகிறதே, டெர்மினலில் எப்படிக் குற்றம் இருக்கும்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போதும். அதே தடையில் 10 ஆம்பியர் செல்லும்போது நஷ்டமாவது பத்தில் ஒரு வோல்ட்தான்; கண்ணுக்குத் தெரியாது.

இம்மலை வண்டிகளுக்கு ஒரு விசேஷக் கஷ்டமும் உண்டு. சேலம் நகரம் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. காயமும் விதையும் உரமும் ஏற்றிவரப் பகலில் கீழே போகும் வண்டி, கோடையில் 38, 40 டிகிரி வெயிலில் மார்க்கெட்டில் நின்று காய்கிறது. ஈயப் பாட்டரியின் ஆயுளைக் குறைப்பது இந்த உஷ்ணமே. உள்ளேயிருக்கும் ஈயத் தகடுகள் உஷ்ணத்தில் வெகு சீக்கிரம் அரித்துப்போகின்றன. ஆனால் அப்போது அதன் பலவீனம் வெளியே தெரிவதில்லை. மார்கழி விடியற்காலையில், மலைமேல் 12, 13 டிகிரிக் குளிரில்தான் தெரியவருகிறது. அந்தக் குளிரில் பாட்டரியின் சக்தி பத்தில் ஒரு பங்களவு குறைவதோடு, என்ஜின் ஆயில் தடித்து, செல்ப் மோட்டாருக்கு வேலையும் கூடுகிறது. குளிரின்மேல் பழிபோடுகிறோம், கெடுத்தது சித்திரை வெயில்.

இனிச் சோதனை முறையைக் கூறுவோம். இதற்கு வேண்டியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்ட்டிமீட்டர் ஒன்றே. வண்டி இரவெல்லாம் நின்றபின், காலையில் எதையும் போடுமுன் பாட்டரியின் இரண்டு குமிழ்களிலும் மீட்டரை வைத்துப் பார்க்கவேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேலிருந்தால் சார்ஜ் நிறைந்திருக்கிறது, 12.2 இருந்தால் பாதிதான் உள்ளது. அடுத்து, கியர் நியூட்ரலில் இருப்பதையும் ஹாண்ட் பிரேக்கையும் பார்த்துச் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒருவர் செல்ப் அடிக்க மற்றொருவர் மீட்டரைப் பார்க்கவேண்டும். அப்பொழுது பாட்டரிக் குமிழ்களில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முதலில் சார்ஜ் ஏற்றிப் பார்த்து, அப்படியும் இறங்குமானால் பாட்டரியைச் சந்தேகிக்கலாம். அங்கே 11 வோல்ட் நின்றும் செல்ப் சோம்பினால் குற்றம் வழியிலோ செல்ப் மோட்டாரிலோ உள்ளது. வழியா என்பதை அறிய, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பிளஸ் குமிழிலும், மற்றதைச் செல்ப் மோட்டாரின் கேபிள் போல்ட்டிலும் வைத்துச் செல்ப் அடித்தால், அரை வோல்ட்டுக்கு மேற்படலாகாது. பிறகு மைனஸ் குமிழுக்கும் என்ஜினின் வெறும் இரும்புக்கும் நடுவே அவ்வாறே பார்க்க, 0.3 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. மீட்டர் முனையைக் கிளாம்பில் வைக்காமல் குமிழின் ஈயத்திலேயே அழுத்தவேண்டும்; கிளாம்பில் வைத்தால் குமிழுக்கும் கிளாம்புக்கும் இடையிலுள்ள குற்றம் மறைந்துபோகும். மேற்கூறிய பெரியவரின் வண்டியில் இந்த இரண்டாவது சோதனையிலேயே விஷயம் வெளிப்பட்டது.

இவ்வளவும் பார்த்துப் பாட்டரிதான் கெட்டது என்று ஏற்பட்டால் புதியது வாங்கலாம். வண்டிக் கம்பெனி சொன்ன ஆம்பியர்-மணி அளவையே வாங்குவது உசிதம். பெரிய பாட்டரி வாங்கினால் கவலையில்லை என்ற எண்ணம் சரியன்று. பெரிய தொட்டி வெட்டுவதனால் மழை அதிகம் பெய்துவிடாது. தோட்டத்துக்கும் களத்துக்குமாக ஒன்றிரண்டு மைல் ஓடி ஓடி நிற்கும் வண்டியில், பனிமூட்டத்துக்காகப் பகலிலும் விளக்குப் போட்டிருக்கையில், ஆல்டர்னேட்டர் சிறிய பாட்டரியைக்கூட நிரப்பப் போதாமல் தவிக்கும். அரைச் சார்ஜில் நாட்கணக்கில் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் வெள்ளைப் படலம் இறுகி, பிறகு சார்ஜ் ஏறவே மறுக்கும். சிக்னலில் என்ஜின் தானே நின்று தானே கிளம்பும் நவீன வண்டியாயின், அதற்கென்று செய்த வகையையே போடவேண்டும்.

குமிழின் பருமனையும் பார்த்து வாங்கவேண்டும். பருத்த குமிழ் வகையில் பிளஸ் 19.5 மில்லிமீட்டரும் மைனஸ் 17.9 மில்லிமீட்டரும் இருக்கும். சிறுத்த வகையில் பிளஸ் 14.7, மைனஸ் 13. பருத்த கிளாம்பைச் சிறுத்த குமிழில் மாட்டி, இடைவெளியில் ஓர் ஆணியை அடித்து இறுக்கிக் கொடுக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆணி துருப்பிடித்துப் பூக்கும். வண்டி குலுங்கக் குலுங்கக் குமிழும் தளர்ந்து அடியில் விரிசல் காணும். அதற்கென்றே விற்கும் ஈய வளையத்தைப் போடலாம். பொருத்தமான கிளாம்பையே மாற்றிவிடுவது அதனினும் நன்று. பிளஸ் குமிழ் இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதையும் பழைய பாட்டரியோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மாறியிருந்தால் கேபிள் எட்டாது. எட்டவைக்க இழுத்துக் கட்டுவதிலிருந்தே பல நெருப்புகள் தொடங்குகின்றன.

கழற்றும்போதும் மாட்டும்போதும் ஒரு வரிசை உண்டு. சாவியை எடுத்துச் சில நிமிஷம் பொறுத்தபின், முதலில் மைனஸ், பிறகு பிளஸ் கழற்றவேண்டும். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்திருப்பதால், மைனஸ் மாட்டியிருக்கையில் பிளஸ்ஸில் போட்ட ஸ்பானர் எங்கேனும் இரும்பில் பட்டால் பெரும் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு அப்பொறியில் வெடித்து அமிலத்தை முகத்தில் அடித்துவிடக்கூடும். அருகில் பீடி, சிகரெட் கூடாது. கையிலுள்ள மோதிரம், காப்பு, கடிகாரம் முதலியவற்றைக் கழற்றி வைக்கவேண்டும். அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலம்பவேண்டும். கண்ணில் பட்டால் அலம்பிக்கொண்டே வைத்தியரிடம் போகவேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டரியைக் கழற்றி ‘டைனமோ சார்ஜ் செய்கிறதா’ என்று பார்ப்பது பழைய வழக்கம். இக்கால ஆல்டர்னேட்டரும் வண்டியின் எலக்ட்ரானிக் பெட்டியும் அந்தச் சோதனையைத் தாங்கமாட்டா.

பழைய பாட்டரி இறங்கியதும் அதன் தட்டை ஆப்பச்சோடாக் கரைசலால் கழுவி, துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக் காயவிடவேண்டும். கிளாம்பின் உட்புறத்தைக் கம்பி பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ பளபளவென்று தேய்க்கவேண்டும். இறுக்கி முடித்த பின்னரே மேலே வாஸலீன் தடவவேண்டும். கிளாம்பைச் சுத்தியலால் தட்டி இறக்கலாகாது. இவ்வளவு செய்பவர்களும் பாட்டரியை அழுத்திப் பிடிக்கும் கம்பியை மறந்து, கயிற்றாலோ சைக்கிள் டியூபாலோ கட்டிவிடுகிறார்கள். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் பாட்டரி தட்டில் குதித்தால் தகடுகளிலுள்ள பொருள் உதிர்ந்து அடியில் படியும். பாட்டரி சாய்ந்து பிளஸ் குமிழ் பானட்டில் பட்டால் நேருவதைச் சொல்லவேண்டியதில்லை.

கேபிள் மாற்றவேண்டி வந்தால் பழையதன் குறுக்களவுக்குக் குறையாமல் வாங்கவேண்டும். இடவசதிக்காகப் பாட்டரியைப் பானட்டுக்கடியிலிருந்து எடுத்துப் பின்னால் சேஸியில் வைப்பவர்கள், கேபிளின் நீளம் இரட்டித்தால் குறுக்களவும் இரட்டிக்கவேண்டும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். முனையில் மாட்டும் ‘லக்’ என்ற செம்புக் காதை, அதற்குரிய அழுத்துக் கருவியால் நெருக்கவேண்டும். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக்குக்குள் ஈரம் புகுந்து ஓராண்டில் பச்சை பூக்கும். தகட்டுத் துவாரத்தின் வழியே கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இன்றியமையாதது. ஏனெனில் பாட்டரியிலிருந்து செல்ப் மோட்டாருக்குப் போகும் பெரிய கேபிளுக்குச் சாதாரணமாகப் பியூஸ் கிடையாது. அதன் உறை தகட்டின் விளிம்பில் அறுந்தால் பாட்டரியின் முழுச் சக்தியும் அங்கே நெருப்பாகும்; சாக்கும் டீசலும் உள்ள வண்டியில் அணைப்பதற்கு அவகாசம் கிடைக்காது. சைலன்சர் குழாய்க்கும் சுழலும் ஷாப்டுக்கும் விலகி, ஒரு முழத்துக்கு ஒரு பிடிப்பாகக் கேபிளைக் கட்டவேண்டும். பனிவிளக்கு, பாட்டுப்பெட்டி முதலியவற்றுக்குப் பாட்டரியிலிருந்து தனி ஒயர் எடுப்பவர்கள், பிளஸ் குமிழிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளாகவே பியூஸ் வைக்கவேண்டும். எர்த் பட்டைக்குக் கேபிளுக்குச் செலுத்தும் கவனம் அத்தனையும் செலுத்தவேண்டும்: பெயிண்ட் இல்லாத இரும்பு, நட்சத்திர வாஷர், இறுக்கமான போல்ட்.

சில்வர் ஓக் மரம் ஏற்றும் பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். இவற்றில் ஒன்று கெட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். புதியதையும் பழையதையும் சேர்த்தால் பழையது புதியதையும் கெடுக்கும். இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் ரேடியோவுக்கு 12 வோல்ட் எடுப்பதும் அவ்விதமே கெடுதி.

மாட்டி முடித்து என்ஜின் ஓடும்போது குமிழ்களில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டவேண்டும். மூடி திறக்கும் வகைப் பாட்டரியாயின் மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டம் பார்த்து, கடையில் விற்கும் வடிகட்டிய பாட்டரித் தண்ணீரையே விடவேண்டும். ஓடைத்தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் உதவா. அமிலம் சேர்க்கலாகாது. ஹைட்ராமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும். குளிரில் அமிலம் சுருங்கி அடர்த்தி கூடுவதால், விடியற்காலையில் அது உள்ளதைவிட உயர்வாகக் காட்டும். 13 டிகிரிக் குளிரில் 1.260 என்று காட்டினால், 27 டிகிரிக்கு அது 1.250-தான், நிறைந்த பாட்டரியில் 1.260 முதல் 1.280 வரை இருக்கவேண்டும். ஆகையால் மலையில் காலை நேரத்தில் பார்க்கிறவர்கள் 0.010 கழித்துக்கொள்ளவேண்டும்.

கழற்றிய பழைய பாட்டரியைத் தோட்டத்து மூலையில் போட்டுவைப்பதும், அமிலத்தை ஓடையோரம் கொட்டிவிட்டு ஈயத்தை எடைக்குப் போடுவதும் சில இடங்களில் நடைபெறுகின்றன. கொட்டிய அமிலத்தோடு ஈயமும் போகிறது. மண்ணில் இறங்கிய ஈயம் எளிதில் நீங்குவதன்று. அந்த ஓடையில்தான் கீழ்க்கிராமத்தார் தண்ணீர் மொள்ளுகிறார்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதில் அதற்கு இணையான விஷம் சிலவே. 2001-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2022-இல் இந்திய அரசாங்கம் வெளியிட்ட பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகள் திரும்பச் சேகரிக்கப்பட்டு முறைப்படி உருக்கப்படும்படி செய்வது உற்பத்தியாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதை அமிலத்தோடு நிமிர்த்தினபடி கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள். மலையிலிருந்து இறக்கும்போது அது வண்டியில் கவிழாதபடி மண் நிரப்பிய பழக்கூடைக்குள் பதித்து வைப்பது நல்லது. புதுப் பாட்டரியை ஏற்றி வருவதற்கும் அதே கூடை உதவும்.